பல் வைத்தியரை நாடிய வரலாறு

பல் போனால் சொல் போச்சு என்பது நம் நாட்டுப் பழமொழி. பல்லின் அருமையை அறிந்த நம் முன்னோர், ஆலங்குச்சியாலும் வேலங்குச்சியாலும் நாள்தோறும் பல் துலக்கினர். ஆயினும் நோய் வந்தபின் நாடிச் செல்வதற்குப் பல் வைத்தியர் எனத் தனியே ஒருவர் கிராமங்களில் இருந்தது அரிது. கிராம்பை வைத்து வலியைத் தணிப்பர், ஆடும் பல்லைப் பிடுங்கி எறிவர், அவ்வளவே.

சென்னை, கல்கத்தா முதலிய நகரங்களில் சீனப் பல் வைத்தியர்கள் கடை வைத்திருந்தனர். தந்தையிடம் மகன் கற்ற கைத்தொழில் அது. 1920இல் டாக்டர் ரஃபியுதீன் அகமது கல்கத்தாவில் பல் மருத்துவக் கல்லூரியைத் தோற்றுவித்தார். 1948இல் பல் மருத்துவர் சட்டம் பிறந்தது. பட்டம் பெற்றோர் பதிவேட்டின் ஒரு பகுதியிலும், பட்டமின்றி ஐந்தாண்டுகளேனும் தொழில் புரிந்தோர் மற்றொரு பகுதியிலும் இடம் பெற்றனர். 1953இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பல் மருத்துவப் பிரிவு தொடங்கிற்று. அதுவே பின்னர் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. இன்று நாட்டில் இத்தகைய கல்லூரிகள் 300க்கு மேல் உள்ளன.

மருத்துவர் பெருகினால் மட்டும் போதுமா? இங்கிலாந்தின் கதையைக் கேளுங்கள். 1968ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வயது வந்தோரில் நூற்றுக்கு 37 பேருக்கு இயற்கைப் பல் ஒன்றுகூட இல்லை. 2009இல் இங்கிலாந்தில் அத்தொகை 6 ஆகக் குறைந்தது. ஃபுளூரைடு கலந்த பற்பசையும், வலி வருமுன்பே மருத்துவரைக் காணும் வழக்கமும் இம்மாற்றத்திற்குத் துணை நின்றன.

நம் ஸ்ரீபெரும்புதூரை எண்ணிப் பாருங்கள். இராமானுஜர் அவதரித்த இவ்வூரைச் சூழ்ந்து ஏரிகளும் நெல்வயல்களும் பரந்திருந்தன. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் உருவாகத் தொடங்கின. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை எழுந்தது. சாலையோரங்களில் பல் மருத்துவமனைப் பலகைகளும் தோன்றின. தூரம் குறைந்தது, தாமதமோ குறையவில்லை. ஷிப்டு வேலை, ஒருநாள் கூலி போய்விடுமே என்ற கவலை, ஊசியைப் பற்றிய அச்சம் ஆகியவை தொழிலாளியைத் தடுக்கின்றன. இ.எஸ்.ஐ. அட்டை கையில் இருந்தும், வலி பொறுக்க முடியாத நாளிலேதான் பலர் புறப்படுகின்றனர்.

இதில் ஓர் இயற்கை நுட்பம் உண்டு. பல்லின் மேலுறையாகிய எனாமலுக்கு உணர்ச்சி நரம்பு இல்லை. ஆகவே, சொத்தை விழத் தொடங்கும்போது வலிப்பதில்லை. வலி எழும்போது அது உட்கூழை நெருங்கியிருக்கும். முன்னரே கண்டிருந்தால் சிறிய அடைப்போடு முடிந்திருக்கும்; இப்போதோ பல்லையே இழக்க நேர்கிறது. புகையிலை மெல்லுவோர்க்கு வரும் வாய்ப் புற்றுநோயும் இத்தகையதே. தொடக்கத்தில் பெரும்பாலும் வலியின்றி வருவது அது. காலத்தே கண்டால் உயிர் பிழைக்கலாம்.

மாணவ மணிகளே! ஆலையில் இயந்திரம் பழுதாகும்வரை காத்திராமல், குறித்த நாளில் அதைச் சோதித்து எண்ணெய் இடுகின்றனர். அவ்வியந்திரத்தை இயக்கும் உங்கள் தந்தையாரும் தாயாரும் அதனினும் அரியவர் அல்லரோ? அடுத்த விடுமுறை நாளில் அவர்களை அழைத்துச் செல்லுங்கள். நீங்களும் உடன் காட்டிக்கொள்ளுங்கள்.