மடக்கு ரம்பம்

கைப்பிடிக்குள் அலகை மடக்கிவைக்கும் சிறிய ரம்பம். முகாம்களில் மணிக்கட்டுப் பருமன் வரையிலான கிளைகளை அறுக்க ஏற்றது. கோடரியைவிட இது பாதுகாப்பானது. குறி தப்பினாலும் காலில் வந்து விழாது.

ஜப்பானிய வகை ரம்பங்கள் இழுக்கும்போது அறுப்பவை. அதனால் அலகு மெல்லியதாக இருந்தாலும் போதும். ஆனால் தள்ளும்போது அழுத்தினால் வளையும், சில சமயம் முறியும். சுவீடனின் பாக்கோ லாப்லாந்தர் போன்றவை இரு திசையிலும் அறுக்கும்.

காயங்கள் பெரும்பாலும் தொடக்கத்தில்தான் நேர்கின்றன. பல் மரத்தைக் கவ்வுமுன் அலகு துள்ளி, கிளையைப் பிடித்திருக்கும் கையில் பாயும். எனவே அந்தக் கை ஒரு சாண் தள்ளியிருக்க வேண்டும். அதற்குத் தடித்த கையுறையும் வேண்டும். முதலில் மெதுவாகச் சில இழுப்புகள், தடம் விழுந்தபின் அலகின் முழு நீளத்துக்கும் வீச்சு. வில் ரம்பமானால், பிடிக்கும் கையை அதன் சட்டத்துக்குள் நுழைத்து அப்பால் கிளையைப் பற்றுவது பழைய, நல்ல உத்தி.

இரு முனையிலும் தாங்கிய கிளையை நடுவில் அறுத்தால் வெட்டுவாய் மூடி அலகைக் கவ்விக்கொள்ளும். அறுபடும் முனை தாங்கலின்றி வெளியே நீண்டிருக்க வேண்டும். முடியும் தறுவாயில் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். இல்லையேல் ரம்பம் முழங்காலுக்கு வரும்.

மின்வெப்பத்தால் கடினமாக்கிய பற்களை அரத்தால் தீட்ட முடியாது. மழுங்கினால் அலகையே மாற்ற வேண்டும்.