இடி இடிக்கும்போது சுவிட்ச் ஆஃப் பண்ணினா போதுமா? டிவி, ஹோம் தியேட்டரைக் காப்பாற்றுவது எப்படி?

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், தமிழ்நாட்டு எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது பெருமாட்டி. வயலும் தென்னந்தோப்புமாக இருக்கும் இந்தப் பகுதியில், கோடை மழையும் துலாவர்ஷமும் பெரும்பாலும் மதியத்துக்கு மேல் இடி மின்னலோடுதான் வரும். மதியம் 2 மணி முதல் இரவு 10 மணி வரை கூடுதல் கவனம் தேவை என்கிறது கேரள மாநில பேரிடர் மேலாண்மை ஆணையம்.

ஊரில் அப்பா, அம்மா மட்டும் இருக்கும் வீட்டுக்கு இஎம்ஐ-யில் டிவியும் சவுண்ட்பாரும் வாங்கிக் கொடுத்துவிட்டு, கோவையிலோ பெங்களூருவிலோ வேலை பார்ப்பவரா நீங்கள்? இது உங்களுக்குத்தான்.

சர்ஜ் என்றால் என்ன?

நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட். அது மைக்ரோ விநாடிகளுக்கு மட்டும் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக எகிறினால், அதுதான் சர்ஜ். மின்னல் வீட்டின் மேல் விழ வேண்டும் என்பதில்லை. அருகில் விழுந்தாலே மின்கம்பியில் சர்ஜ் உருவாகும். போன கரண்ட் திரும்பி வரும்போதும், பெரிய மோட்டார்கள் ஓடி நிற்கும்போதும் சிறிய அளவில் வரலாம்.

ஸ்டெபிலைசர் இருக்கே, போதாதா?

போதாது. ஸ்டெபிலைசர், மெதுவாக ஏறி இறங்கும் வோல்டேஜைச் சரிசெய்யும். சர்ஜ் அது சுதாரிப்பதற்குள் கடந்துபோய்விடும். சாதாரண இன்வெர்ட்டரும் கரண்ட் இருக்கும்போது லைன் கரண்டை அப்படியே உள்ளே விடும். ஆர்.சி.சி.பி. ஷாக்கிலிருந்து ஆளைக் காப்பாற்றும், ஆம்ப்ளிஃபயரைக் காப்பாற்றாது.

அப்போ என்னதான் செய்யணும்?

1. டிபி பாக்ஸில் எஸ்.பி.டி.: வீட்டுக்குள் வரும் சர்ஜை எர்த்துக்குத் திருப்பிவிடும் கருவி இது. சாதாரண வீட்டுக்கு டைப் 2 போதும். இடிதாங்கி இருந்தால் டைப் 1-ம் வேண்டும். லைசென்ஸ் உள்ள வயர்மேனை வைத்தே மாட்டுங்கள். முதலில் எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். எர்த் சரியில்லாத வீட்டில் எஸ்.பி.டி. இருந்தும் பெரிய பலன் இல்லை.

2. பிளக் பக்கத்தில் ஸ்பைக் கார்டு: சிவப்பு லைட் எரியும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எல்லாம் ஸ்பைக் கார்டு இல்லை. பெட்டியில் ஜூல் அளவு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே இருக்கும் எம்.ஓ.வி. ஒவ்வொரு சர்ஜுக்கும் கொஞ்சம் தேயும். பாதுகாப்பு இண்டிகேட்டர் அணைந்துவிட்டால், பிளக் வேலை செய்தாலும் மாற்றிவிடுங்கள்.

3. ஒரே போர்டு: டிவி, ஆம்ப்ளிஃபயர், சப்வூஃபர், செட்டாப் பாக்ஸ் எல்லாம் ஹெச்டிஎம்ஐ, ஆடியோ கேபிள்களால் இணைந்தவை. ஒன்றில் நுழைந்த சர்ஜ் கேபிள் வழியே மற்றதற்கும் போகும். அதனால் எல்லாவற்றையும் ஒரே ஸ்பைக் கார்டில் மாட்டுவது நல்லது.

4. டிஷ் வயரை மறக்காதீங்க: மொட்டை மாடி டிஷ்ஷிலிருந்து வரும் கேபிளும் ஒரு வாசல்தான். ஃபைபர் பிராட்பேண்டில் கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் ரவுட்டரின் அடாப்டர் பிளக்கில்தானே இருக்கிறது?

நியூட்ரல் கட் ஆனால்?

இது வேறு ஆபத்து. மூன்று ஃபேஸ் லைனில் நியூட்ரல் அறுந்தால், வீட்டுக்குள் 400 வோல்ட் வரைகூட வரலாம், அதுவும் நிமிடக்கணக்கில். எஸ்.பி.டி. இதைத் தாங்காது. வோல்டேஜ் எல்லை தாண்டினால் தானே கட் செய்யும் ஓவர்-வோல்டேஜ் புரொடெக்டர் தனியாக வேண்டும். சில லைட் பளிச்சென்றும் சில மங்கலாகவும் எரிந்தால், உடனே மெயினை ஆஃப் செய்துவிட்டு கேஎஸ்இபி-யின் 1912-க்கு அழையுங்கள்.

சுவிட்ச் ஆஃப் போதுமா?

தலைப்பில் கேட்ட கேள்விக்குப் பதில்: போதாது. சுவிட்சுக்குள் இருக்கும் இடைவெளி சில மில்லிமீட்டர்தான். மின்னல் வோல்டேஜ் அதைத் தாண்டும். நியூட்ரலோ ஆஃப் செய்தாலும் இணைந்தே இருக்கும். நேரடி மின்னலை எந்தக் கருவியும் முழுசாகத் தடுக்காது. பிளக்கையும் டிஷ் கேபிளையும் கழற்றி வைப்பதுதான் நம்பகமான வழி.

ஆனால் வானம் இருட்டும்போதே கழற்றிவிட வேண்டும். இடி தலைக்கு மேல் வந்த பிறகு பிளக்கைத் தொடவே கூடாது. புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் 'தாமினி' செயலி, அருகில் மின்னல் வாய்ப்பு இருந்தால் எச்சரிக்கும். அதை அப்பாவின் போனில் போட்டுக் கொடுங்கள். 'இடி ஆரம்பிச்சாச்சுன்னா டிவி போனா போகட்டும், கிட்ட போகாதீங்க' என்றும் சொல்லிவையுங்கள்.