கடலோடிகளின் முதலுதவிப் பயிற்சி: ஒரு தடவை கற்றால் போதுமா?

தரையில் ஒருவர் மயங்கி விழுந்தால் 1990 என்ற இலக்கத்தை அழைத்து அம்புலன்ஸ் வண்டியை வரவழைக்க எம்மால் முடிகின்றது. கரையிலிருந்து 300 கடல் மைல்களுக்கு அப்பால், கப்பலின் தளத்தில் ஒருவர் சரிந்து விழுந்தால் நிலைமை வேறு. அவ்வேளை அருகில் நிற்கும் சக மாலுமியே அவருக்கு வைத்தியரும் தாதியும் ஆகின்றார்.

இதனை உணர்ந்தே கடலோடிகளின் பயிற்சி, சான்றளித்தல், காவற்கடமை ஆகியவற்றின் தராதரங்கள் தொடர்பான 1978ஆம் ஆண்டின் சர்வதேச சமவாயம் முதலுதவிப் பயிற்சியை மூன்று படிகளாக வகுத்துள்ளது. ஆரம்ப முதலுதவி என்பது, கடலில் உயிர்தப்பும் முறை, தீயணைப்பு, தனிநபர் பாதுகாப்பு ஆகியவற்றுடன் கடலோடிகளின் அடிப்படைப் பயிற்சியில் அடங்குகின்றது. கப்பலில் முதலுதவி வழங்கும் பொறுப்பை ஏற்பவருக்கு மருத்துவ முதலுதவிப் பயிற்சியும், மருத்துவப் பராமரிப்புக்குப் பொறுப்பானவருக்கு அதனிலும் உயர்ந்த பயிற்சியும் அவசியமாகும்.

100 அல்லது அதற்கு மேற்பட்டோருடன் மூன்று நாட்களுக்கு மேற்பட்ட சர்வதேசப் பயணங்களில் ஈடுபடும் கப்பல்களிலேயே வைத்தியர் ஒருவர் இருக்க வேண்டுமென 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் சமவாயம் விதிக்கின்றது. சரக்குக் கப்பல்களின் பணியாளர் தொகை பெரும்பாலும் இருபது, இருபத்தைந்து பேர்தான். ஆகவே அங்கு பயிற்சி பெற்ற மாலுமியையே நம்பியிருக்க வேண்டியுள்ளது. வானொலி மூலம் கரையிலுள்ள வைத்தியரின் ஆலோசனையைப் பெறலாம். ஆயினும் அதனைச் செயற்படுத்தும் கரங்கள் கப்பலிலேயே இருத்தல் வேண்டும்.

இதயத்துடிப்பு நின்றுவிட்டால் சில நிமிடங்களிலேயே மூளை பாதிப்படையத் தொடங்கும். வளர்ந்தவரின் நெஞ்சின் நடுப்பகுதியை 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவைகள் அழுத்த வேண்டும். 30 அழுத்தங்களுக்கு 2 தடவை செயற்கைச் சுவாசம் வழங்க வேண்டும். நீரில் மூழ்கியவருக்கோ முதலில் சுவாசமே கொடுக்கப்பட வேண்டும். கப்பலின் தாங்கி போன்ற மூடிய இடமொன்றில் ஒருவர் வீழ்ந்து கிடந்தால், பதற்றத்தில் உள்ளே பாயாதிருப்பதும் முக்கிய பாடமாகும். அங்கு ஒட்சிசன் குறைந்திருக்குமாயின், காப்பாற்றச் சென்றவரும் சேர்ந்தே உயிரிழக்க நேரிடும்.

இங்குதான் குறைபாடொன்று காணப்படுகின்றது. 2010ஆம் ஆண்டின் மணிலா திருத்தங்கள், உயிர்தப்பும் முறையிலும் தீயணைப்பிலும் தமது தகைமை குறையவில்லை என்பதை ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு தடவை கடலோடிகள் நிரூபிக்க வேண்டுமெனக் கோருகின்றன. ஆரம்ப முதலுதவிக்கு அத்தகைய கட்டாயம் விதிக்கப்படவில்லை. நெஞ்சழுத்தும் திறனோ பழகாவிடின் சில மாதங்களிலேயே மங்கிவிடுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. சான்றிதழ் அலுமாரியில் பத்திரமாக இருக்கும். கைகள் கற்றதை மறந்திருக்கும்.

எமது மீனவர்களின் நிலை இதனிலும் கவலைக்குரியது. மீன்பிடிக் கலங்களுக்கான 1995ஆம் ஆண்டின் தனிச் சமவாயம் பிரதானமாக 24 மீற்றரும் அதற்கு மேற்பட்ட நீளமும் கொண்ட கலங்களையே கருத்திற் கொண்டது. பேருவளையிலிருந்தும் வாழைச்சேனையிலிருந்தும் வாரக்கணக்கில் ஆழ்கடல் செல்லும் பலநாட் கலங்களில் பெரும்பாலானவை அதனிலும் சிறியவை. 2024 ஜூன் மாதத்தில், கடலில் மிதந்துவந்த போத்தல்களிலிருந்த திரவத்தை மதுபானமெனக் கருதி அருந்திய தென்பகுதி மீனவர்கள் சிலர் ஆழ்கடலிலேயே உயிரிழந்தனர். முதலுதவி அறிந்த ஒருவர் இருந்திருந்தால் அனைவரும் பிழைத்திருப்பர் என நாம் கூறவில்லை. ஆயினும் வைத்திய உதவி எவ்வளவு தொலைவில் உள்ளதென்பதை அச்சம்பவம் உணர்த்தியது.

எனவே, பலநாட் கலம் ஒவ்வொன்றிலும் முதலுதவி கற்ற இருவரேனும் இருப்பதைக் கடற்றொழில் அதிகாரிகள் உறுதிப்படுத்த வேண்டும். ஒருவரே நோயாளியாகிவிடலாம் என்பதாலேயே இருவர் என்கிறோம். இப்பயிற்சி தமிழிலும் சிங்களத்திலும் துறைமுகங்களிலேயே நடத்தப்படுதல் வேண்டும். கப்பல் நிறுவனங்களும் தீயணைப்பு ஒத்திகையைப் போன்று முதலுதவி ஒத்திகையையும் வழக்கமாக்க வேண்டும். செலவு சிறிது, காக்கப்படுவதோ ஒரு குடும்பத்தின் வாழ்வு.