கொத்தனாரிடம் படித்த லாரி பேக்கர்

பட்டம் வாங்கிய பிறகு கட்டடக் கலைஞருக்கு எதற்குப் படிப்பு என்று கேட்பவர்களுக்கு நான் லாரி பேக்கரின் கதையைத்தான் சொல்வேன். 1937இல் பர்மிங்காமில் பட்டம் பெற்றவர் அவர். மருத்துவரான மனைவி எலிசபெத்துடன் இமயமலையில் பித்தோராகருக்குக் குடிபோனபோது அந்தப் படிப்பு போதவில்லை. மலைக்கல்லையும் மண்ணையும் சாணியையும் வைத்து அங்குள்ளவர்கள் வீடு கட்டுவதைக் கூடவே இருந்து கற்றுக்கொண்டார். பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் நீண்ட அந்தப் படிப்புக்குச் சான்றிதழ் கிடையாது.

அதன் பலனை எழுபதுகளில் திருவனந்தபுரம் கண்டது. பொருளியல் அறிஞர் கே.என். ராஜ் அழைக்க, வளர்ச்சி ஆய்வு மையத்தைப் பூச்சில்லாத செங்கல்லில் எழுப்பினார் பேக்கர். ஜன்னலுக்குப் பதில் பல இடங்களில் துளைவிட்டு அடுக்கிய செங்கல் ஜாலி. காற்று தானாக வந்து போகும்.

அவர் பரப்பிய எலிப்பொறிக் கட்டு இங்கிலாந்தில் ஏற்கெனவே இருந்ததுதான். செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்துவார்கள். ஒன்பது அங்குலச் சுவருக்குள் பொந்து விழும். ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு செங்கல் மிச்சம். பொந்திலுள்ள காற்று வெயிலையும் தடுக்கும். கூரையிலும் இதே சிக்கனம். தளத்தின் அடிப்பகுதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பிதான். அங்கே கான்கிரீட்டுக்கு வேலை குறைவு. அந்த இடத்தில் பழைய மங்களூர் ஓடுகளை வைத்துவிட்டால் சிமெண்டும் மிஞ்சும், பாரமும் குறையும்.

1985இல் கேரள முன்னாள் முதல்வர் அச்சுத மேனன், கே.என். ராஜ் ஆகியோருடன் சேர்ந்து பேக்கர் தொடங்கிய காஸ்ட்ஃபோர்ட் அமைப்பு இந்த முறைகளைக் கொத்தனார்களுக்கும் பொறியாளர்களுக்கும் சொல்லிக்கொடுத்தது. சூழலுக்கேற்ற கட்டுமானம் என்று நட்சத்திர ஓட்டல் அரங்கில் படம் காட்டி, மதியச் சாப்பாடு போட்டு அனுப்பும் வகுப்புகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. கரண்டி பிடிக்காதவருக்கு எலிப்பொறிக் கட்டு பிடிபடாது.

நாகர்கோவிலில் நான் நடத்தும் பயிற்சியில் பாடம் எடுப்பவர் ஒரு கொத்தனார். "சாந்து பொந்துக்குள்ள விழப்படாது மேடம், பலகைய குறுக்க வையுங்க" என்பதுதான் அவருடைய முதல் பாடம். உள்ளே விழுந்த சாந்து இரண்டு பக்கச் சுவரையும் இணைத்து வெப்பத்தைக் கடத்திவிடும். எந்த வரைபடத்திலும் அந்தப் பலகை இருக்காது. சான்றிதழில் கையெழுத்திடும் இருவரில் அவரும் ஒருவர். தூக்குக்குண்டு விட்டு, பொந்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்த பிறகே அவர் பேனாவை எடுப்பார்.