ஆலை உணவகமானபோது

ஐரோப்பாவில் வாழும் தோழியரே, ஆற்றங்கரைப் பழைய மா ஆலையொன்றில் அமர்ந்து நீங்கள் உணவருந்தியிருக்கக்கூடும். நீரோட்டம் சக்கரத்தைச் சுழற்ற, சக்கரம் எந்திரக்கல்லைச் சுழற்றித் தானியம் அரைத்த இடங்கள் அவை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருக்கு உருளைகள் கொண்ட பெரிய ஆலைகள் துறைமுகங்களில் எழுந்தன. கப்பலில் வந்த கோதுமை அங்கேயே அரைபட்டது. வேலையிழந்த கிராமத்து ஆலைகளுட் சில பின்னாளில் உணவகங்களாயின.

கோதுமை விளையாத நம் நாட்டில் அந்த ஆற்றங்கரை மரபு வளரவில்லை. நாம் அறிந்த பெரிய மா ஆலை, 1980 முதல் திருகோணமலைத் துறைமுகத்தில் இயங்கும் பிரிமா. ஆனால் ஆலை உணவகமான கதை இங்கே தேயிலையில் நடந்திருக்கிறது.

நுவரெலியாவுக்கு அருகே, கந்தப்பளையில், 2000 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில் இருந்த ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை பல ஆண்டுகள் மூடிக் கிடந்தது. 1996இல் அது உணவகத்துடன் கூடிய விடுதியாகத் திறக்கப்பட்டது. கொழுந்து வாட்டிய மேல்மாடிகள் படுக்கையறைகளாயின. பழைய இயந்திரங்களை இன்றும் விருந்தினர் சுற்றிப் பார்க்கலாம். கட்டடத்தை இடிக்காமல் காத்தது நல்ல பணி.

ஆனால் அந்த இயந்திரங்களுக்குக் கொழுந்து பறித்துக் கொடுத்தவர்கள்? 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று அவர்களைப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரின் விடயம் பின்னுக்குத் தள்ளப்பட்டது. ஹெதர்செட் விடுதியாகத் திறந்தபோதும் குடியுரிமை இல்லாதோர் மலையகத்தில் இருந்தனர். அவர்களுக்காக 2003இல் மீண்டும் ஒரு சட்டம் வேண்டியிருந்தது. கட்டடத்துக்குக் கிடைத்த மறுவாழ்வு, மனிதருக்குப் பிந்தியே கிடைத்தது.

நம் பாண்டிருப்பில் காட்டுவதற்கு அப்படியொரு கட்டடமும் இல்லை. கரையோரத்தில் இருந்தவற்றை 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுபோனது. நமது மா ஆலை உரலும் உலக்கையுந்தான். அதை இயக்கியவர்கள் பெண்கள். தோள்வலியென்று என்னிடம் வரும் மூத்த அம்மாமாரிடம், முன்பு என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்பேன். "ஊராக்களுக்கு மா இடிச்சிக் குடுத்தன், மகள்" என்பார்கள். அந்தக் கூலியில் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்களும் அவர்களுள் உண்டு. அப்படிப் படித்தவர்கள் நம் வகுப்புகளிலும் இருந்திருப்பார்கள்.

நூறு ஆண்டுகளை எழுதும்போது அதிபர்களையும் கட்டடங்களையும் மறக்கமாட்டோம். இந்த மலரை வாசித்து முடித்ததும், உங்கள் வீட்டு மூத்தவரிடம் ஒன்று கேளுங்கள்: நம் வீட்டுக்கு மா இடித்தவர் யார்? அவருடைய பெயரை எழுதிச் சங்கத்துக்கு அனுப்பிவையுங்கள்.