கூண்டு ஏறிய நாட்களின் கணக்கு: 1964 புயலும் தங்கச்சிமடம் கரையும்

1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு 11.55க்குப் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குக் கிளம்பிய 653ஆம் எண் பயணிகள் ரயில் ஊர் போய்ச் சேரவில்லை. நிலையத்துக்குச் சில நூறு மீட்டர் முன்பாகவே கடல் அதை வாரிக்கொண்டது. வண்டியில் பயணிகள் 110 பேர், ஊழியர் 5 பேர் என்பது ரயில்வேயின் கணக்கு. பயணச்சீட்டு இல்லாமல் ஏறியவர்களைச் சேர்த்தால் எண்ணிக்கை கூடும் என்பார்கள். புயலில் இறந்தோர் மொத்தம் 1,800 பேர் என்ற அளவில் பதிவுகள் கூறுகின்றன. ஆனால் பொதுநினைவில் நிலைத்தவை அந்த ரயிலும், இடிந்த தேவாலயச் சுவரும், அன்று ராமேஸ்வரத்தில் தங்கியிருந்து உயிர் தப்பிய திரைநட்சத்திரங்களின் கதையும்தான். செத்தவர்களில் எத்தனை பேர் மீனவர், எத்தனை பேர் சுமைத் தொழிலாளர் என்று கேட்பவர் குறைவு.

தனுஷ்கோடி அழிந்த ஊர். அதனால் அதைப் பற்றி எழுதக் கட்டுரையாளர்களுக்கும் படமெடுக்கச் சுற்றுலாப் பயணிகளுக்கும் எளிது. அதே ராமேஸ்வரம் தீவில் பாம்பனுக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே இருக்கும் தங்கச்சிமடம் அழியவில்லை, தொழிலைத் தொடர்ந்தது. பேரிடர் ஒரு சமூகத்தை என்ன செய்கிறது என்பதை அறிய அழிந்த ஊரைவிட இந்தப் பிழைத்த ஊரே பொருத்தமான களம் என்பது என் கருத்து. அறுபது ஆண்டுகளில் இந்தக் கரையில் புயலால் வரும் இழப்பின் வடிவம் மாறியிருக்கிறது. முன்பு அது உயிராகப் போயிற்று; இன்று பெரும்பாலும் தொழில் நாட்களாகப் போகிறது. அரசின் நிவாரண முறையோ இன்னும் உயிரையும் சுவரையும் படகையும் மட்டுமே இழப்பாக எண்ணுகிறது.

அந்தப் புயலின் இயல்பை முதலில் பார்க்கலாம். டிசம்பர் 17 அன்று தெற்கு அந்தமான் கடலில், நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் அது உருவானது. 19ஆம் தேதி கடும்புயலாகி, 21க்குப் பிறகு ஏறத்தாழ நேர்கோட்டில் மேற்கே நகர்ந்து, வவுனியாவைக் கடந்து, 22-23 இரவில் தனுஷ்கோடியைத் தாக்கியது. காற்றின் வேகம் மணிக்கு 280 கிலோமீட்டர் வரை இருந்ததாக மதிப்பிடப்பட்டது. ஆயினும் காற்றைவிட நீரே அதிகம் கொன்றது. தீவின் வடக்கே பாக் விரிகுடா ஆழம் குறைந்தது. ஆழ்கடலில் புயல் தள்ளும் நீர் கீழே இறங்கிப் பரவ இடமுண்டு; இங்கே அதற்கு வழியில்லாததால் நீர் மேலெழுந்து கரையேறும். பாக் விரிகுடாவுக்கும் தெற்கே மன்னார் வளைகுடாவுக்கும் இடையே மெல்லிய மணல் நாக்காக நீண்டிருந்த தனுஷ்கோடிக்கு ஒதுங்க மேட்டுநிலமும் கிடையாது. தீவின் அகன்ற பகுதியில் இருக்கும் ஊர்கள் அந்த அளவுக்கு அழியாததற்கு நிலத்தின் இந்த வேறுபாடு முக்கியக் காரணம்.

பியர்ஸ் பிளைக்கி, டெரி கேனன், இயன் டேவிஸ், பென் விஸ்னர் ஆகிய நால்வரும் 1994இல் வெளியிட்ட நூலுக்குப் பிறகு, இயற்கை நிகழ்வு வேறு, பேரிடர் வேறு என்பது ஆய்வுலகில் ஏறக்குறைய ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டது: நிகழ்வு நலிந்தவர்மீது விழும்போதே பேரிடராகிறது. அவர்கள் கேள்வி, புயலுக்கு முன்பே நலிந்திருந்தவர் யார் என்பது. ராமேஸ்வரம் தீவைப் பொறுத்தவரை அதோடு இன்னொன்றையும் கேட்கவேண்டும். புயலுக்குப் பின் எதை இழப்பு என்று எழுதுகிறார்கள்? எழுதப்பட்டதுதான் திரும்பக் கிடைக்கிறது.

பாம்பன் ரயில் பாலம் இதற்கு நல்ல சான்று. 1914இல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தின் 145 கர்டர்களில் 126 சரிந்துபோயின. கப்பலுக்கு வழிவிடும் தூக்குப் பகுதி தப்பியது. சீரமைக்க ரயில்வே முதலில் ஆறு மாதம் என்றது, பிறகு மூன்று மாதம் என்றது. பொறுப்பேற்ற இளம் பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் 46 நாளில் முடித்தார். அவருடைய வாழ்க்கை வரலாறுகளில் ஒரு செய்தி வருகிறது: கடலடியில் கிடந்த கர்டர்களைக் கண்டறிய உதவியவர்கள் உள்ளூர் மீனவர்கள். சாதனையைச் சொல்லும்போது பலரும் இதை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அந்த வரிதான் முக்கியமாகப் படுகிறது. பாலத்தை மீட்க மீனவரின் கடலறிவு வேண்டியிருந்தது. மீனவரின் குடியிருப்பை மீட்கும் திட்டம் எதுவும் அந்த வேகத்தில் வரவில்லை.

தனுஷ்கோடிக்குக் கிடைத்தது ஓர் அறிவிப்பு. வாழத் தகுதியற்ற ஊர் என்று அன்றைய சென்னை மாநில அரசு அறிவித்தது. ரயில் பாதை மீண்டும் போடப்படவில்லை. தலைமன்னார்க் கப்பல் ராமேஸ்வரத்துக்கு மாறி, இலங்கையில் போர் மூளும்வரை ஓடியது. தனுஷ்கோடியால் ஆகவேண்டியிருந்த காரியத்தை அரசு வேறிடத்தில் நடத்திக்கொண்டது, ஊரைக் கைவிட்டது. இருந்தும் மீனவக் குடும்பங்கள் அங்கே ஓலைக் குடிசை போட்டு, மணலில் ஊற்றுத் தோண்டி நல்ல தண்ணீர் எடுத்து வாழ்ந்து வருகின்றன. அறிவிப்பால் மனிதர் அங்கிருந்து போய்விடவில்லை. அவர்களுக்குச் சாலையும் மின்சாரமும் தரவேண்டிய கடமைதான் அரசிடமிருந்து போயிற்று. அரிச்சல்முனை வரை சாலை 2017இல் வந்தது, அதுவும் பெரிதும் சுற்றுலாவை முன்னிட்டு.

அரசு இல்லாத காலத்திலும் தீவுக்காரர்கள் காற்றோடு ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். வாடைக்காற்று வீசும் மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கியிருக்கும். கச்சான் காலத்தில் இது தலைகீழாகும். பருவத்துக்கு ஏற்பப் படகையும் வலையையும் கரை மாற்றுவது இங்கே பழைய வழக்கம். இன்றும் புயல் வரும் என்றால் வடகரைப் படகுகளில் பல பாம்பன் கால்வாய் வழியாகத் தெற்கே குந்துகால் பக்கம் போய் ஒதுங்கும். ஆனால் இந்த அறிவை அளவுக்கு மீறிப் போற்றுவதும் தவறு. வாடையைப் போல ஒரே திசையில் புயல் வீசாது. மையம் கடந்ததும் காற்று திசை மாறி, ஒதுங்கிய கரையையே அடிக்கும். பருவக்காற்றுக்கு உருவான வழக்கம் 1964 போன்ற புயலுக்குப் போதாது. அதற்கு முன்னறிவிப்பு வேண்டும்.

அந்த முன்னறிவிப்பு இன்று இருக்கிறது. இது பெரிய வெற்றி என்பதில் ஐயமில்லை. பாம்பன் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறிவிட்டால் மீன்வளத் துறை விசைப்படகுகளுக்கு மீன்பிடி அனுமதி டோக்கன் கொடுக்காது. ஒக்கிப் புயலின்போது, 2017 நவம்பர் இறுதியில், ஏற்கெனவே ஆழ்கடலுக்குப் போயிருந்த குமரி மீனவர்களுக்குச் செய்தி போய்ச் சேராமல் நேர்ந்த உயிர்ச்சேதம் இந்த எச்சரிக்கையின் அருமையை எல்லோருக்கும் உணர்த்தியது. 2020 நவம்பர் 25-26இல் நிவர் புயல் கரை கடந்தது. ஏறத்தாழ ஒரு வாரத்தில் புரெவி திருகோணமலையைக் கடந்து மன்னார் வளைகுடாவுக்கு வந்து, பாம்பன் அருகே வலுவிழந்து நின்றது. 1964ஐ நினைத்து அஞ்சியவர்கள் ஆறுதல் அடைந்தார்கள். செய்தித்தாள்களுக்கு விஷயம் அத்தோடு முடிந்தது.

மீனவர் வீட்டுக்கு முடியவில்லை. பாக் விரிகுடாவின் இந்தக் கரையில் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாளும் நாட்டுப்படகுகள் மற்ற நாட்களும் கடலுக்குப் போவது நெடுநாளைய ஏற்பாடு. திங்கள் முதல் வெள்ளி வரை தடை நீடித்தால், வெளியாள் கண்ணுக்கு ஐந்து நாள் ஓய்வு. விசைப்படகுத் தொழிலாளிக்கு வாரத்தின் மூன்று தொழில் நாளில் இரண்டு போயிற்று. பங்கு முறையில் வேலை செய்பவருக்கு மீன் இல்லையென்றால் கூலி இல்லை. ஐஸ் உடைப்பவர், கூடை சுமப்பவர், கருவாடு போடும் பெண்கள், தென்கடலில் பாசி எடுக்கும் பெண்கள் என்று இந்த நட்டம் கரையில் பரவும். வட்டிக்குக் கொடுத்தவர் மட்டும் கூண்டைப் பார்த்து நாளைத் தள்ளிக் கொடுப்பதில்லை.

இந்த நட்டம் கடலோடு நிற்பதுமில்லை. தங்கச்சிமடத்தின் மணற்பாங்கான தோட்டங்களில் வளரும் மல்லிகைப் பதியன்கள்தாம் மதுரை மல்லிக்கு நாற்றாகப் போகின்றன. 2024 நவம்பர் 20 அன்று ஒரே நாளில் ராமேஸ்வரத்தில் 40 சென்டிமீட்டருக்கும், தங்கச்சிமடத்தில் 30 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அது பெயர் வைத்த புயல் அல்ல, காற்றும் பெரிதாக இல்லை. வேரில் நீர் நின்றால் மல்லிகை அழுகும். பெயரில்லாத மழையின் நட்டம் பேரிடர் வரலாற்றில் ஏறுவது அரிது.

மாநிலப் பேரிடர் நிவாரண நிதியின் நெறிமுறைகளில் இறப்புக்கு 4 லட்சம் ரூபாய், இடிந்த வீட்டுக்கு, சேதமான படகுக்கு, வலைக்கு என்று தொகைகள் உண்டு. வாழ்வாதாரம் கடுமையாகப் பாதிக்கப்பட்டோருக்கும் ஒரு பிரிவு இருக்கிறது. ஆனால் அதற்குப் பேரிடர் நடந்திருக்கவேண்டும். எச்சரிக்கை சரியாக வேலை செய்து, படகும் ஆளும் பத்திரமாகக் கரையில் நின்றால், பேரிடர் நடக்கவில்லை என்றாகிவிடுகிறது. அரசின் சொல்லுக்குக் கட்டுப்பட்டவர் தன் செலவில் கட்டுப்படுகிறார். மீனவருக்கு மீன்பிடித் தடைக்கால உதவியும் மீன்பாடு குறைந்த கால உதவியும் கிடைக்கின்றனவே, அவை போதாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலத்துக்கான தொகையை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்துவதாக 2023 ஆகஸ்டில் மண்டபம் மீனவர் மாநாட்டில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். இவையெல்லாம் நாள்காட்டியை வைத்து வகுத்த உதவிகள். புயல்கள் ஒன்றின் பின் ஒன்றாக வந்து பதினைந்து நாள் தொழில் நின்ற ஆண்டிலும், இரண்டே நாள் நின்ற ஆண்டிலும் தொகை ஒன்றுதான்.

நட்ட ஈடு இல்லாத தடைக்கு இன்னொரு கேடும் உண்டு. எச்சரிக்கை விடுத்தும் புயல் வராமல் போவது இயல்பு. வானிலைக் கணிப்பில் அதைத் தவிர்க்க முடியாது. ஒவ்வொரு முறையும் நட்டம் மீனவர் தலையிலேயே விழுந்தால், கூண்டை மதிக்கும் பழக்கம் மெல்லத் தேயும். வருமானத்தைக் காப்பது உயிரைக் காப்பதன் ஒரு பகுதி என்று நான் வாதிடுவது இதனால்தான்.

இதற்குப் புதிய கணக்கெடுப்பு எதுவும் தேவையில்லை. எந்தெந்த நாளில் டோக்கன் நிறுத்தப்பட்டது என்பது மீன்வளத் துறைக்குத் தெரியும். கூண்டு ஏறிய நாளும் இறங்கிய நாளும் துறைமுகத்துக்குத் தெரியும். டோக்கன் நடைமுறைக்கு வெளியே இருக்கும் நாட்டுப்படகுகளுக்கு அதையே சான்றாகக் கொள்ளலாம். யாருக்குக் கொடுப்பது என்பதற்கு மீனவர் நல வாரியத்தின் உறுப்பினர் பட்டியல் இருக்கிறது. கரையில் வேலை செய்யும் பெண்களை அதில் விடாமல் சேர்க்கவேண்டும். வானிலை எச்சரிக்கையால் தொழில் நிறுத்தப்படும் ஒவ்வொரு நாளுக்கும் நாட்கூலி அளவில் உதவி என்பதை மாநில அரசு ஒரு வடகிழக்குப் பருவத்துக்காவது ராமநாதபுரம் மாவட்டத்தில் சோதனையாகச் செய்து பார்க்கவேண்டும்.