மகளிடம் மன்னிப்புக் கேட்ட வாத்தியார்



போன வாரம் பேரன் ஊருக்கு வந்திருந்தான். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் உட்கார்ந்து போனில் ஏதோ பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். கரகரத்த ஒரு பெண் குரல். அழுது ஓய்ந்த பிறகு பேசுவது போல இருந்தது. “யாருடா இது?” என்றேன். “லூசிண்டா வில்லியம்ஸ், தாத்தா. ஆல்ட் கன்ட்ரி” என்றான். பாட்டு பாதிதான் புரிந்தது. ஆனால் அந்த அம்மாளின் கதையைத் தேடித் தேடிப் படித்ததில் மூன்று நாள் போயிற்று. வரலாற்று வாத்தியாருக்கு ஓய்வு ஏது? உங்களுக்கும் சொல்கிறேன். கடைசியில் உங்களில் ஒருவருக்கு மட்டும் ஒரு செய்தி இருக்கிறது.

முதலில் அந்தப் பெயரைப் பார்ப்போம். கன்ட்ரி என்பது அமெரிக்கத் தென் மாநிலங்களின் நாட்டுப்புறத்தில் வேர்விட்ட பாட்டு. டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரம் அதன் தலைநகர். காலப்போக்கில் அது பெரிய வியாபாரமாகி மெருகேறிவிட்டது. அந்த மெருகு வேண்டாம் என்று பழைய நாட்டுப்பாடல், கறுப்பின மக்களின் புளூஸ், ராக் எல்லாவற்றையும் சேர்த்துத் தன் வாழ்க்கையைத் தானே எழுதிப் பாடியவர்களுக்குப் பின்னால் வந்த பெயர்தான் ஆல்ட் கன்ட்ரி. லூசிண்டா பாடத் தொடங்கியபோது அந்தப் பெயரே கிடையாது. அவர் பட்ட பாட்டுக்குப் பாதிக் காரணம் அதுதான்.

1953இல் லூசியானா மாநிலத்தின் லேக் சார்ல்ஸில் பிறந்தார். அம்மா பியானோ வாசிப்பவர். மனநோயால் மிகவும் துன்பப்பட்டவர். அப்பா மில்லர் வில்லியம்ஸ் நம்மைப் போல ஒரு வாத்தியார். கல்லூரியில் உயிரியல் நடத்திக்கொண்டே கவிதை எழுதியவர். ஜார்ஜியாவில் இருந்தபோது ஃபிளானரி ஓ'கானர் என்ற பெரிய எழுத்தாளரின் பழக்கம் கிடைத்தது. அந்த அம்மாள் வீட்டில் வளர்த்த மயில்களைக் குழந்தை லூசிண்டா துரத்தி விளையாடியிருக்கிறார். லூசியானா பல்கலைக்கழகத்துக்குக் கவிதை கற்பிக்க ஆள் தேவைப்பட்டபோது, மில்லரிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல், “உங்களுக்கு வேண்டியவர் இங்கே உயிரியல் நடத்திக்கொண்டிருக்கிறார்” என்ற கருத்தில் ஓ'கானர் கடிதம் எழுதினார். வேலை கிடைத்தது. ஒருவருக்குள் இருப்பதை இன்னொருவர் கண்டுகொள்வது எவ்வளவு பெரிய காரியம், பாருங்கள்.

வேலைக்காகக் குடும்பம் ஊர் ஊராக மாறியது. சிலியிலும் மெக்சிகோவிலும்கூட இருந்தார்கள். பெற்றோர் பிரிந்தபோது பிள்ளைகள் அப்பாவிடம் வளர்ந்தார்கள். 1965இல் அப்பாவின் மாணவர் ஒருவர் பாப் டிலனின் புது இசைத்தட்டோடு வீட்டுக்கு வந்தார். 12 வயதுப் பெண் அதைக் கேட்டு, இனி இதுதான் நம் வழி என்று முடிவு செய்துவிட்டாள்.

வியட்நாம் போர்க் காலத்தில், நியூ ஆர்லியன்ஸில் பள்ளியில் படிக்கும்போது, கொடிக்கு உறுதிமொழி சொல்ல மறுத்தார். பள்ளி வெளியே அனுப்பியது. உயர்நிலைப் படிப்பு கடைசிவரை முடியவில்லை. அப்பா திட்டவில்லை, படிக்க வேண்டிய புத்தகங்களின் பட்டியல் ஒன்றைக் கையில் கொடுத்தார். மகள் பல்கலைக்கழகத்தை விட்டுப் பாடப் போனபோதும் தடுக்கவில்லை.

1979இல் முதல் ஆல்பம் வந்தது. முழுக்கப் பழைய பாடல்கள். அடுத்த ஆண்டே சொந்தப் பாடல்கள். அதன்பின் எட்டு ஆண்டு ஒன்றுமில்லை. ஒரு பெரிய நிறுவனம் மாதிரிப் பதிவைக் கேட்டுவிட்டு, கன்ட்ரிக்கு ராக் அதிகம், ராக்குக்குக் கன்ட்ரி அதிகம் என்று கையை விரித்தது. கடையில் எந்த அலமாரியில் வைப்பது என்பதுதான் அவர்கள் கவலை. கடைசியில் 1988இல் ஆல்பத்தை வெளியிட்டது, பங்க் இசைக்குப் பேர்போன ரஃப் டிரேட் என்ற இங்கிலாந்து நிறுவனம். அதிலிருந்த ஒரு பாட்டை மேரி சேப்பின் கார்ப்பென்டர் பாடிப் பிரபலமாக்க, 1994இல் சிறந்த கன்ட்ரி பாடலுக்கான கிராமி விருது எழுதியவருக்குக் கிடைத்தது. அலமாரி கிடைக்காதவருக்குக் கன்ட்ரி விருது!

அடுத்து, ‘கார் வீல்ஸ் ஆன் எ கிராவல் ரோடு’ ஆல்பம். ஆஸ்டினில் பதிவு செய்தார், மனம் ஒப்பவில்லை. நாஷ்வில்லில் திரும்பப் பதிவு செய்தார். லாஸ் ஏஞ்சலஸில் முடித்தார். ஆண்டுகள் ஓடின, உடன் வாசித்த பழைய நண்பர் விலகிப்போனார். பிடிவாதக்காரி என்று பேர் வந்தது. 1998இல் வெளிவந்ததும் பேச்சு அடங்கியது. அதற்கும் கிராமி.

அந்தத் தலைப்புப் பாட்டுதான் என்னைத் தூங்கவிடவில்லை. பெரியவர்களின் சண்டைச் சத்தத்துக்கும் ஊர் மாறுவதற்கும் நடுவில் காரின் பின்சீட்டில் உட்கார்ந்திருக்கும் ஒரு குழந்தையைப் பற்றியது. நாஷ்வில்லில் ஒரு சிறிய அரங்கில் லூசிண்டா அதைப் பாடியபோது அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் மகளிடம் வந்து மன்னிப்புக் கேட்டார். மகளுக்குப் புரியவில்லை, எதற்கு என்றார். அந்தப் பின்சீட்டுக் குழந்தை நீதானே என்றார் அப்பா. எழுதியவருக்கே அதுவரை அது தெரிந்திருக்கவில்லை!

இத்தனைக்கும் அந்த அப்பா சாதாரண ஆளில்லை. 1997இல் கிளிண்டன் இரண்டாம் முறை பதவியேற்ற விழாவில் கவிதை வாசித்தவர். மகள் எழுதும் பாட்டையெல்லாம் ஒரு வகுப்பாசிரியர் மாதிரி பார்த்து, சொல் திருத்தி அனுப்பியவர். 2001இல் ‘எசன்ஸ்’ ஆல்பத்துக்கான பாடல்களைப் பார்த்துவிட்டு, திருத்த ஒன்றுமில்லை என்றாராம். அப்படியானால் நான் பட்டம் வாங்கிவிட்டேனா என்று கேட்டாராம் மகள். 2014இல் அப்பாவின் கவிதை ஒன்றுக்கு மகள் மெட்டமைத்துப் பாடினார். மறதிநோய் கண்டிருந்த மில்லர், 2015 புத்தாண்டன்று மறைந்தார்.

2020 நவம்பரில் லூசிண்டாவுக்குப் பக்கவாதம் வந்தது. இடது பக்கம் பாதித்ததால் கிதார் வாசிக்க முடியாமல் போயிற்று. குரல் தப்பியது. மறு ஆண்டே மேடை ஏறினார். 2023இல் புது ஆல்பமும் தன்வரலாறும் வந்தன.

இனி அந்த ஒருவருக்கு.

தம்பி, பத்தாம் வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் இருந்தாய். வரலாற்று நோட்டின் கடைசிப் பக்கங்களில் பாட்டு எழுதி வைத்திருந்தாய். நான் அதைப் பிடுங்கி, ராகம் போட்டு வகுப்பு முழுக்கச் சிரிக்கும்படி வாசித்துக் காட்டினேன். “இதுக்கு மார்க் போட எந்தப் பரீட்சையிலும் இடம் இல்லடா” என்றேன். அன்று எனக்கும் தெரிந்தது அலமாரிக் கணக்குத்தான். அதில் உன் அம்மாவைப் பற்றி நான்கு வரி இருந்தது. அது நல்ல வரி என்று எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் சிரித்தேன். பிறகு நீ எழுதி நான் பார்க்கவே இல்லை.

மில்லர் தன் பிழையை ஒரு பாட்டில் கேட்டார், உடனே எழுந்துபோய்ச் சொன்னார். எனக்கு முப்பது வருடம் ஆகியிருக்கிறது. நீ இந்தப் பக்கத்தைப் படிக்கிறாய் என்று தெரியும்; பொங்கலுக்கு வாழ்த்துப் போட்டிருந்தாய். என்னை மன்னித்துவிடு. நாலு பேர் முன்னால் செய்த தப்பு என்பதால் நாலு பேர் முன்னாலேயே கேட்கிறேன்.

இன்னும் எழுதுகிறாய் என்றால் அனுப்பு. இந்த முறை வாய்விட்டுப் படிக்க மாட்டேன். கண்ணாடி போட்டுக்கொண்டு, பென்சிலோடு உட்கார்ந்து படிப்பேன்.

மற்ற பிள்ளைகளுக்கு: உங்கள் வீட்டுக் குழந்தைகளின் நோட்டின் கடைசிப் பக்கத்தை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். ஏதாவது இருந்தால் சிரிக்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஐயா